இந்தியச் சமையல் புத்தகத்தை யாழ்ப்பாணத்து அடுப்படியில் திறப்பவர்களுக்கு

சென்னைக்குப் போய் வருகிற யாராவது பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவில் ஒரு சமையல் புத்தகத்தையும் வைத்துக் கொண்டு வந்து தருவார்கள். ஆசையாகத் திறந்து, சொன்னதைச் சொன்னபடி செய்வோம். சாம்பார் களி மாதிரி வரும், சப்பாத்தி இழுபடும், இனிப்பு கறுத்துப் போகும். புத்தகம் சரியில்லை என்று அலுமாரியில் வைத்துவிடுவோம். இப்படி ஓய்ந்து போன புத்தகங்கள் இங்கே எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றை மறுபடி இறக்கி எடுக்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் புத்தகங்களோடு பழகியதில் எனக்கு ஒன்று நன்றாக விளங்கியது. எந்தச் சமையல் புத்தகமும் ஒரு குறிப்பிட்ட வீட்டு அடுப்படியில் இருந்து எழுதப்படுகிறது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எழுதியவர் எழுதவே மாட்டார். "பருப்பை வேகவைக்கவும்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன பருப்பு என்பது அந்த வீட்டுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அந்த எழுதாத பகுதியைக் கண்டுபிடிக்கப் பழகினால் எந்தப் புத்தகமும் கைக்குள் வந்துவிடும்.

முதலில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

"இந்தியச் சமையல் 1001" என்பது போன்ற புத்தகத்தை முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம். அதில் பஞ்சாபுக்குப் பத்துப் பக்கம், வங்காளத்துக்கு ஐந்து பக்கம், செட்டிநாட்டுக்கு ஒரு கோழிக்கறி என்று பங்கு பிரித்திருப்பார்கள். அர்ஜுன் அப்பாதுரை என்ற மானிடவியலாளர் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதைப் பற்றித்தான் பேசுகிறது. நகரத்து நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய சமையல் புத்தகங்கள் வழியாகத்தான் "இந்தியச் சமையல்" என்ற பொது உருவம் பெரிதும் உருவானது என்கிறார். அந்தப் பொது உருவத்திலிருந்து தொடங்கினால் எந்த வீட்டின் கைப்பக்குவமும் பிடிபடாது.

ஒரே ஊர், ஒரே சமூகம், ஒரே வீட்டுச் சமையலைச் சொல்லும் புத்தகமாகப் பாருங்கள். தமிழில் தொடங்குவதென்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நல்ல வாசல். 1951இல் முதல் பதிப்பு வந்தது. தமிழ்நாட்டு ஐயர் வீட்டுச் சைவச் சமையல். நமக்கு ஒரு வசதி என்னவென்றால், வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் நல்லூர்க் கொடியேறிய 25 நாளும் இங்கே பல வீடுகளில் சைவம்தான். மச்சம் காய்ச்சாத அந்த நாட்களில் இந்தப் புத்தகத்திலிருந்து ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு வீட்டில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். சில புத்தகங்கள் வாசிக்க அழகாக இருக்கும், சமைக்க உதவாது. சிலது மறுதலையாக இருக்கும்.

முன்னுரையைத் தாண்டாதீர்கள்

எல்லோரும் நேராகக் குறிப்புக்குப் போகிறார்கள். நான் சொல்வேன், முதல் நாள் சமைக்கவே வேண்டாம், முன்னுரையை மட்டும் வாசியுங்கள். எழுதியவர் யார், எந்த ஊர், எந்த வருடம், யாருக்காக எழுதினார் என்ற நான்கையும் பென்சிலால் முதல் பக்கத்தில் குறியுங்கள். தனிக்குடித்தனம் போகிற பெண்ணுக்காக எழுதியவர் அரிசி களைவதிலிருந்து சொல்லுவார். ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்காக எழுதியவர் "பக்குவமாக இறக்கவும்" என்று முடித்துவிடுவார்.

வருடம் அச்சாகாத பழைய புத்தகம் என்றால் உள்ளேயிருந்தே காலத்தை ஊகிக்கலாம். விசில் எண்ணச் சொன்னால் அது பெரும்பாலும் 1960களுக்குப் பிந்தியது, குக்கர் வீடுகளுக்கு வந்த பிறகு எழுதியது. பலம், வீசை என்று வந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல்தான் வந்தது.

சொற்கள்: ஒரே தமிழ், இரண்டு கடை

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், ஆறுதலாக இருந்து பாருங்கள். ஆங்கிலப் புத்தகமென்றால் அகராதியைத் தேடுவோம். தமிழ்ப் புத்தகம் என்றதும் எல்லாம் விளங்கியதாக நினைத்துவிடுகிறோம். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

தெரியாத சொல் பிரச்சினையே இல்லை. பூண்டு என்றால் உள்ளி, சோம்பு என்றால் பெருஞ்சீரகம், வரமிளகாய் என்றால் செத்தல் மிளகாய், தனியா என்றால் கொத்தமல்லி, கேழ்வரகு என்றால் குரக்கன், கருப்பட்டி என்றால் நம் பனங்கட்டிக்குப் பக்கத்து உறவு. ஒரு தடவை கேட்டால் மறக்காது. பெரிய வெங்காயம் என்று அவர்கள் எழுதுவதை இங்கே பம்பாய் வெங்காயம் என்று கேட்டு வாங்குங்கள்.

தெரிந்த சொல்தான் ஏமாற்றும். நான் முதன்முதலில் சப்பாத்தி சுட்டபோது புத்தகம் "கோதுமை மாவு இரண்டு கப்" என்றது. வீட்டில் கோதுமை மா இருந்தது, போட்டுக் குழைத்தேன். உருட்டினால் சுருங்கி மறுபடி பழைய அளவுக்கு வந்தது, சுட்டால் ரப்பர் மாதிரி இழுபட்டது. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் கோதுமை மாவு என்பது தவிட்டோடு அரைத்த ஆட்டா மா. நாங்கள் கோதுமை மா என்கிற வெள்ளை மாவை அவர்கள் மைதா என்கிறார்கள்.

சர்க்கரையும் இப்படித்தான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சர்க்கரை என்றால் பெரும்பாலும் நம்முடைய சீனி. நாங்கள் சர்க்கரை என்று சொல்வதை அவர்கள் வெல்லம் என்பார்கள். ஆனால் அவர்களிடமும் சர்க்கரைப் பொங்கலுக்குப் போவது வெல்லம்தான், பழைய பொருள் அந்தப் பெயருக்குள் அப்படியே தங்கியிருக்கிறது. ஆகவே இனிப்புக் குறிப்பில் சர்க்கரை என்று கண்டால் அடுத்த வரியையும் வாசியுங்கள். "கரைத்து வடிகட்டி மண் நீக்கி" என்று இருந்தால் வெல்லம். "கம்பிப் பாகு" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சீனி.

அடுத்தது பருப்பு. அங்கே வெறுமனே பருப்பு என்றால் துவரம் பருப்பு. இங்கே கடையில் பருப்பு என்று கேட்டால் சிவப்பு மைசூர்ப் பருப்பைத் தருவார்கள். அது கால் மணி நேரத்தில் கரைந்து களியாகிவிடும். சாம்பாருக்கு இதைப் போட்டால் மேலே சொன்ன களிதான் வரும். அதே நேரம் பாசிப்பருப்பைப் பயத்தம் பருப்பு என்று அந்த ஐயர் வீட்டுப் புத்தகத்திலும் காண்பீர்கள், நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். கடல் தாண்டிய இரண்டு வீடுகள் ஒரே சொல்லை வைத்திருப்பதைக் காணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோஷம்.

சமைக்கும் முறையின் பெயர்களும் மாறும். அவர்களுடைய பொரியல் என்பது காயை நறுக்கி, தாளித்து, தேங்காய்ப்பூத் தூவி இறக்குவது. அது நம் வறைக்குக் கிட்ட வரும். நாங்கள் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்து எடுப்பது. "வாழைக்காய்ப் பொரியல்" என்று வாசித்ததும் தாச்சியில் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், குறிப்பு முழுவதையும் வாசியுங்கள்.

புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு தாள் ஒட்டி, ஒரு பக்கம் அவர்கள் சொல், மறுபக்கம் நம் சொல் என்று நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளைத்தான் படம் எடுத்துக் கொண்டு போக வேண்டும்.

அளவு

பழைய இந்தியப் புத்தகங்களில் எடைக்குத் தோலா, பலம், சேர், வீசை வரும். 1 தோலா ஏறத்தாழ 11.66 கிராம். 3 தோலா 1 பலம், அதாவது 35 கிராம். 8 பலம் 1 சேர். 40 பலம் 1 வீசை, 1.4 கிலோ. முகத்தலுக்கு ஆழாக்கு, உழக்கு, படி. 2 ஆழாக்கு 1 உழக்கு, 8 ஆழாக்கு 1 படி. ஆனால் படி ஊருக்கு ஊர் பெருத்தும் சிறுத்தும் இருந்தது. அதனால் ஆழாக்கை 170 மில்லிலீட்டர் என்று எடுப்பவர்களும் உண்டு, 200 என்று எடுப்பவர்களும் உண்டு.

இதற்காகத் தலையை உடைக்க வேண்டாம். அரிசி, பருப்பு, மா எல்லாவற்றையும் ஒரே பேணியால் அளந்தால் விகிதம் மாறாது. நம்மிடம் சுண்டு இருக்கிறது, 4 சுண்டு 1 கொத்து. ஆழாக்கு என்று கண்ட இடமெல்லாம் ஒரே சுண்டால் அளந்துகொள்ளுங்கள். சுண்டு பெரிது என்பதால் கறி கூடுதலாக வரும், அவ்வளவுதான். உப்பும் புளியும் மிளகாயும் மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அவற்றை நாக்கால் பாருங்கள். புளிக்கு "எலுமிச்சை அளவு", "நெல்லிக்காய் அளவு" என்று எழுதுவார்கள். நல்ல அளவு அது, ஆனால் நாட்பட்ட கறுத்த புளிக்கும் புதுப்புளிக்கும் புளிப்பு ஒன்றல்ல. கரைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே ஊற்றுங்கள்.

முதல் தடவை எதையும் மாற்றாதீர்கள்

இது என்னுடைய பிடிவாதம். வெங்காயம் உள்ளி இல்லாமல் குழம்பா, தேங்காய்ப்பால் விடாமல் கறியா என்று கை துறுதுறுக்கும். நம் வறுத்து இடித்த தூளில் ஒரு கரண்டி போட்டுவிடத் தோன்றும். போட்டால் எல்லாப் புத்தகமும் நம் வீட்டுக் கறியாகத்தான் முடியும், பிறகு எதற்குப் புத்தகம்? ஒரு தடவை அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். பெருங்காயம் என்றால் பெருங்காயம், நல்லெண்ணெய் என்றால் நல்லெண்ணெய். சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை மாற்றுங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதை ஓரத்தில் பென்சிலால் தேதியோடு எழுதுங்கள்.

தொடங்குவதற்கு எது நல்லது என்று கேட்டால் நான் சொதியைச் சொல்வேன். திருநெல்வேலியிலும் சொதி உண்டு. நம் சந்தைத் திருநெல்வேலியைச் சொல்லவில்லை, தாமிரபரணிக்கரைத் திருநெல்வேலி. அங்கே சைவ வேளாளர் வீடுகளில் கலியாணத்துக்கு மறுநாள் விருந்தில் பரிமாறுவார்கள், மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். பாசிப்பருப்பு, கரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் போட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, தேங்காய்ப்பாலில் தடிப்பாகச் செய்வது. சோற்றோடு சாப்பிடுவார்கள், பக்கத்தில் இஞ்சித் துவையல் இருக்கும்.

நம் சொதி காலை இடியப்பத்துக்கு, அன்றாடம், தண்ணியாக. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள். இரண்டாம் பாலில் அவியவிட்டு, பிறகு முதற்பால். ஒரே நாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒன்று, பால் ஒன்று, ஒன்று விருந்துக்கு, மற்றது விடிகாலைப் பசிக்கு. இரண்டு சட்டியிலும் ஒரே விதி இருப்பதையும் அப்போது காண்பீர்கள். முதற்பால் விட்டபின் கொதிக்கவிடக் கூடாது, விளிம்பில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும். கடும் சூட்டிலும் புளியிலும் பாலின் கொழுப்பும் நீரும் பிரிந்து திரைந்துவிடும். அம்மா சொதியை இறக்கும் வரை அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்பார். சின்ன வயதில் அது ஏன் என்று கேட்டதில்லை. சூடு ஓரிடத்தில் கூடாமல் பார்க்கிறார் என்பது இந்த இரண்டு சட்டிகளுக்கு நடுவில் நின்றபோதுதான் விளங்கியது.

பழைய நூல்களுக்குப் போகும்போது

ஒரு புத்தகத்தோடு ஒரு வருடம் பழகிய பிறகு இதற்குப் போகலாம். கன்னடத்தில் இரண்டாம் சாவுண்டராயர் 1025 அளவில் எழுதிய 'லோகோபகாரம்' உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து இட்டலிக்கு மூதாதையான ஒன்றைச் செய்யச் சொல்கிறது. அதில் அரிசி கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரர் சமஸ்கிருதத்தில் எழுதிய 'மானசோல்லாசம்' அரச வாழ்க்கையின் மற்ற விஷயங்களோடு உணவையும் விரிவாகப் பேசுகிறது. மாண்டு சுல்தான் கியாத் ஷா காலத்து 'நிமத்நாமா' 1500ஐ ஒட்டியது, ஓவியங்களோடு கூடியது, அதில் சமோசாவுக்கே பல வகைக் குறிப்புகள் உண்டு. நமக்குக் கிட்டிய உறவு என்றால் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனைச் சமையல் குறிப்புகள். 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது.

இவற்றை வாசிக்கும்போது மிளகாயைத் தேடுங்கள். போர்த்துக்கீசர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த பிறகுதான் மிளகாய் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முந்திய நூல்களில் உறைப்பு என்றால் மிளகு. மிளகாய் என்ற சொல்லே மிளகைப் பார்த்து வைத்த பெயர்தான். செத்தல் இல்லாத யாழ்ப்பாணக் கறித்தூளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், அப்போதுதான் அந்த நூல்களின் தூரம் தெரியும். நாங்கள் அடுப்படிக்குச் சொல்லும் குசினி என்ற சொல்லும் போர்த்துக்கீசர் விட்டுப் போனதே.

பிறகு, உங்கள் வீட்டுக் கொப்பி

இந்தப் புத்தகங்களை இவ்வளவு நாள் வாசித்தவருக்குத் தன் வீட்டில் என்ன எழுதப்படாமல் இருக்கிறது என்பது தானாகவே கண்ணில் படும். என் அம்மாவிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அரிசியும் உடுப்பும் எடுத்தார்கள், கொப்பி விடுபட்டது. திரும்பி வந்தபோது இல்லை. அதிலிருந்ததில் பாதியை அம்மா ஞாபகத்தில் வைத்திருந்தார். மீதி பெரியம்மாவின் கையில் இருந்தது. அதைத்தான் போன வருடம் எழுதினேன், எப்படி என்று சொல்கிறேன்.

பெரியவர்களிடம் அளவு கேட்காதீர்கள். "கையாலை பார்த்துப் போடு பிள்ளை" என்பார்கள், அது உண்மையும்கூட. ஒரு எண்முறைத் தராசை வாங்குங்கள். அவர் தூள் அள்ளும்போது கையைத் தடுக்காமல், போத்தலைச் சமையலுக்கு முன்பும் பின்பும் நிறுங்கள். குறைந்ததுதான் அளவு. பெரியம்மாவின் ஒரு பிடி மல்லி 31 கிராம், அடுத்த நாளும் 31, மூன்றாம் நாள் 32. அறுபது வருடக் கை அது.

கறித்தூள் வறுக்கும்போது பக்கத்தில் நின்றேன். எங்கள் வீட்டுக் கணக்கு, மல்லி அரைக் கிலோ, செத்தல் அரைக் கிலோ, பெருஞ்சீரகம் 125 கிராம், மிளகு 50, சின்னச்சீரகம் 50, வெந்தயம் 25, ஒரு துண்டு மஞ்சள், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. உங்கள் வீட்டில் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். எடை எழுதிவிடலாம், வறுப்பை எழுதுவதுதான் கடினம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தார். மல்லியை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன். பேசாமல் ஒரு விதையை எடுத்து என் பல்லுக்கிடையில் வைத்தார். படக்கென்று உடைந்தது. அதை எழுதினேன்: "பல்லில் வைத்தால் படக்கென்று உடைய வேண்டும், நசியக் கூடாது." வெந்தயத்துக்கு, "சிவந்ததும் இறக்கு, கறுத்தால் முழுத்தூளும் கைக்கும்." நிமிடக் கணக்கு எழுதினால் இன்னொருவர் அடுப்பில் உதவாது. காது, பல்லு, மூக்குக்குத் தெரிவதை எழுதுங்கள்.

ஒவ்வொரு குறிப்பின் மேலும் யார் சமைத்தது, எந்தத் தேதி, எதற்காகச் சமைத்தது, சாமான் எந்தச் சந்தையில் வாங்கியது என்று போடுங்கள். சுன்னாகத்துக் கத்தரிக்காய் என்றால் சுன்னாகம் என்றே எழுதுங்கள். நீங்கள் மற்றவர்களின் புத்தகத்தில் தேடிக் களைத்த விஷயங்கள் இவைதானே. வெளியூர்க்காரர் வாசிப்பார் என்று எண்ணி, கோதுமை மா என்று எழுதினால் பக்கத்தில் மைதா என்றும், உள்ளி என்றால் பூண்டு என்றும் ஒரு தடவை போட்டு வையுங்கள். கனடாவில் பிறந்த மருமகளுக்கும் அது உதவும்.

ஒரு படியோடு விடாதீர்கள். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஒரே படியாக இருந்தவை திரும்பவே இல்லை. கொப்பியை எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு மூன்று உறவினருக்கு அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் சேர்ந்து கிடக்கின்றன. பழைய சமையல் பக்கங்களைத் தேடவும் அங்கேயே போகலாம்.

இடப்பக்கத்தில் மட்டும் எழுதி வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். எங்கள் கொப்பியில் இடப்பக்கம் பெரியம்மா சொன்ன கூழ் இருக்கிறது: ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிடு, கைப்புப் போக இன்னொரு தடவை, நண்டு, றால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி அவிந்த பிறகே மாவைக் கரைத்து விடு, முருங்கையிலை கடைசியில். வலப்பக்கத்தில் என் மகள் போன மாதம் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "பலாக்கொட்டை கிடைக்கவில்லை, மரவள்ளியைக் கூட்டினேன். புளி காணாது. பனையோலைப் பிளாவில் குடித்தோம்."